தம்பியின் வழக்கில் எங்களுக்கான இடம்

வரப்புத் தகராறில் என் தம்பியை வெட்டிக் கொன்றார்கள். பட்டப்பகலில் நடந்தது, பார்த்தவர்களும் உண்டு. 2024 ஜூலைக்குப் பிறகு நடந்ததால் எஃப்.ஐ.ஆரில் இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 302 இல்லை, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 103 என்றிருந்தது. "302 போடலையே, கேஸைக் குறைச்சுட்டாங்களா?" என்று சித்தப்பா பதறினார். எண்தான் மாறியிருக்கிறது, இதுவும் கொலைப் பிரிவுதான். அந்த நகலைக் காசு வாங்காமல் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பாதிப்பேர், "எங்க வெட்டுனாங்க, எத்தனை வெட்டு?" என்று அம்மாவிடமே கேட்டார்கள். பெரியம்மா மகள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அதைப் பத்திப் பேசாதீங்க" என்று சொல்லித்தான் உள்ளே விட்டாள். வாட்ஸ்அப்பில் வீடியோ வேறு சுற்றியது. சொந்தக்காரர்கள் குரூப்பைவிட்டு அன்றைக்கு வெளியே வந்த நான், இன்னும் திரும்பச் சேரவில்லை. எனக்குத் தூக்கம் சுத்தமாகப் போயிற்று. 14416க்கு, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு, ஒருநாள் நள்ளிரவில் பேசினேன். தமிழில்தான் பேசினார்கள். அவர்கள் சொன்ன பிறகுதான் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போனேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பெரிய மனிதர்கள் சிலர் 'பேசி முடிக்க' வந்தார்கள். கொலை வழக்கில் சமரசம் செய்துகொள்ளச் சட்டத்தில் வழியே இல்லை. குடும்பமே கையெழுத்துப் போட்டாலும் வழக்கு முடிந்துவிடாது. அவர்களுக்குத் தேவை எங்கள் மன்னிப்பல்ல, சாட்சிகளின் மௌனம்.

நாங்கள் போய் நின்ற இடம் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. அம்மா பெயரில் மனு கொடுத்தோம். கொலை வழக்கை நடத்துவது அரசு; நாம் வெறும் சாட்சி என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். இறந்தவரின் வாரிசும் 'பாதிக்கப்பட்டவர்'தான் என்று வக்கீலம்மா சொன்னார். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் போலீஸ் நமக்குத் தெரிவிக்க வேண்டும். நமக்கென்று வழக்கறிஞர் இருந்தால் குற்றப்பத்திரிகை நகலும் கிடைக்கும். கைதானவர்கள் ஜாமீன் கேட்டபோது, உத்தரப் பிரதேசத்தில் விவசாயிகள் மீது வண்டி ஏறிய லக்கிம்பூர் கேரி வழக்கில் 2022ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி, எங்கள் தரப்பையும் கேட்க வேண்டும் என்று மனு போட்டார். நீதிபதி கேட்டார். குற்றப்பத்திரிகை 90 நாள் தாண்டினால் அவர்களுக்குத் தானாகவே ஜாமீன் உரிமை வந்துவிடும் என்பதால் அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தோம்.

இழப்பீட்டு மனுதான் வீட்டுக்குள் சண்டையைக் கிளப்பியது. "பிணத்துக்கு விலையா?" என்றார் மாமா. அது குற்றவாளி கொடுக்கும் காசு இல்லை, பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்தில் அரசு தருவது. தீர்ப்புவரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. அதை வாங்கினால் வழக்கு பலவீனமாகும் என்பது வெறும் ஊர்ப்பேச்சு. தம்பி சம்பாத்தியத்தில் ஓடிய வீடு. அம்மா கையெழுத்துப் போட்டாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது தம்பியின் போன். அதில் அவன் குரல் இருக்கிறது. வழக்குச் சொத்து, அதாவது வழக்குக்காகக் கைப்பற்றி வைத்திருக்கும் பொருள் என்பதால் இன்னும் கைக்கு வரவில்லை. பைக்கை மட்டும் மனு போட்டு மீட்டோம்.

இப்போது அமர்வு நீதிமன்றத்தில் விசாரணை. நடத்துவது அரசு வழக்கறிஞர்தான். எங்கள் வக்கீல் அவருக்கு உதவலாம், கடைசியில் அனுமதி பெற்று எழுத்துபூர்வமாக வாதம் தரலாம். தம்பியின் சட்டையை அம்மா அடையாளம் காட்டும் நாளைப் பற்றி வக்கீலம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தார். சொல்லாமல் விட்டிருந்தால் அம்மா கூண்டிலேயே விழுந்திருப்பாள். "எம் புள்ள சட்டைதான்யா" என்றாள். அவ்வளவுதான், வெளியே வந்து வெகுநேரம் பேசவில்லை.

முக்கியச் சாட்சியான பக்கத்து வீட்டு அண்ணனை மிரட்டினார்கள். சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் 2018 என்று ஒன்று இருக்கிறது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனு கொடுக்கலாம். அவர் கொடுத்திருக்கிறார். விடுதலை என்று தீர்ப்பு வந்தாலும், அரசு மேல்முறையீடு செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை, நாமே செய்யலாமாம். அதற்கும் சேர்த்து இப்போதே எல்லா நகல்களையும் ஒரு ஃபைலில் போட்டு வருகிறேன். அடுத்த வாய்தாவில் அந்த அண்ணனுக்குக் குறுக்கு விசாரணை.