ஹூலஹனை ஏன் உட்கார வைத்தார்கள்?

நான் டப்ளினுக்குக் குடிவந்த புதிதில், 2017 நவம்பர் 14 அன்று, அவீவா அரங்கில் டென்மார்க்கிடம் 1–5 என்று தோற்று அயர்லாந்து உலகக் கோப்பைக் கால்பந்துக்குத் தகுதி பெறும் வாய்ப்பை இழந்தது. மறுநாள் அலுவலக உணவறை எழவு வீடு போலிருந்தது. உடன் பணிபுரிபவர் ஒருவர் சாப்பாட்டைத் தொடாமல், "முதல் பாதி முழுக்க வெஸ்ஸை ஆட விடாமல் உட்கார வைத்துவிட்டார்களே" என்று நடுக்கள ஆட்டக்காரர் வெஸ் ஹூலஹனை நினைத்துப் புலம்பியபோது எனக்குச் சுருக்கென்றது. வடசென்னை வியாசர்பாடியில் வளர்ந்தவனுக்கு அந்த ஆதங்கம் புதிதல்ல. முல்லை நகர் மைதானத்தில் பந்தைக் காலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும் பொடியன்களை, உயரம் போதாது என்று தேர்வாளர்கள் கழித்துவிடுவதைப் பார்த்தே வளர்ந்தோம்.

வெஸ் ஹூலஹனும் டப்ளினின் வடக்கு உள்நகரத்துப் பிள்ளை. உயரம் 5 அடி 6 அங்குலம்தான். 2008 மே மாதம் கொலம்பியாவுக்கு எதிராக முதன்முதலாக நாட்டுக்கு ஆடியவருக்கு, அடுத்த ஆட்டம் 2012 நவம்பரில்தான் கிடைத்தது. இடைப்பட்ட அந்த நான்கரை ஆண்டுகளில் அவர் சும்மா இருக்கவில்லை. இங்கிலாந்து லீக்கின் மூன்றாம் நிலையில் கிடந்த, அவர் ஆடிய நார்விச் அணி 2010, 2011 என்று அடுத்தடுத்து உயர்ந்து முதல் நிலையான பிரீமியர் லீக்கை எட்டியதில் அவருடைய இடது காலுக்குப் பெரும் பங்கு உண்டு. அயர்லாந்துப் பயிற்சியாளர் டிராபட்டோனிக்கோ ஓடி மறிக்கும் ஆட்கள்தான் முக்கியமாகப் பட்டார்கள்.

2016 யூரோ எனும் ஐரோப்பியக் கோப்பைப் போட்டியில், 34 வயதில், ஸ்வீடனுக்கு எதிராகத் தரையில் பட்டெழும்பிய பந்தை வலது காலால் வலைக்குள் அடித்தார். இத்தாலிக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக வந்து, கைக்கெட்டிய வாய்ப்பொன்றைத் தவறவிட்ட மறுகணமே, தலை குனிந்து நிற்காமல், சக ஆட்டக்காரர் ராபி பிரேடியின் தலைக்கு அளந்து வைத்ததுபோல் பந்தை அனுப்பினார். அந்த ஒரே கோலால் அயர்லாந்து அடுத்த சுற்றுக்குப் போனது.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. அவர் முன்பு ஆடிய ஷெல்போர்ன் அணியின் ஆட்டங்களை டோல்கா பார்க்கில் மழையில் நனைந்தபடியே பார்க்கிறேன். ஆனாலும் குள்ளமான பையன் ஒருவன் இருவரை ஏய்த்துத் திரும்பினால், வாய் தானாக "விடாத தம்பி, உள்ளே போ" என்று தமிழில் கத்துகிறது. புழுதி மைதானமும் மதிலோரத்து அண்ணன்மார்களும் கண்முன் வந்துவிடுகிறார்கள்.

ஹூலஹன் 2018 பிப்ரவரியில் சர்வதேச ஆட்டத்திலிருந்து விலகினார். நாட்டுக்காக ஆடியவை 43 ஆட்டங்கள். அவருடைய ஆட்டத்திறனுக்கு இதைப்போல் இரண்டு மடங்கு கொடுத்திருக்க வேண்டும்.