ஹோம் விசிட் கிடைக்க ஏழு வாரம் அலைஞ்சேன், பனிக்காலத்துல கைக்குழந்தையோட இருக்கறவங்க படிங்க

ஏழு வாரம். ஹோம் விசிட்டுக்கு அப்ளை பண்ண நாள்ல இருந்து, வீட்டுக்கே வந்து குழந்தைங்களைப் பாக்கற அக்கா எங்க வீட்டு வாசல்ல வந்து நின்ன நாள் வரைக்கும் ஏழு வாரம், அதுல நாலு வாரம் ஒரே ஒரு பேப்பருக்காக வீணாப் போச்சு. போன குளிர்காலம் நடந்தது, கோவம் இன்னும் அடங்கல. இதைப் படிக்கற யாருக்காவது அந்த நாலு வாரம் மிச்சமாகட்டும்.

அப்போ பெரியவனுக்கு மூணு வயசு, பாப்பாவுக்கு ரெண்டு மாசம். வீட்டுக்காரர் இருட்டுல கிளம்பினா இருட்டினப்புறம்தான் வருவார், இருக்கறது ஒரு வண்டி, அதுவும் அவரோட போயிடும். பக்கத்து வீட்டுக்கே ஒரு கிலோமீட்டருக்கு மேல நடக்கணும், பனி தள்ற வண்டி மெயின் ரோடெல்லாம் முடிச்சிட்டு கடைசியாதான் எங்க பக்கம் திரும்பும். ஒரு தடவ எண்ணிப் பாத்தேன், 11 நாளா வீட்டுக்காரரைத் தவிர வேற ஒரு பெரியவங்க முகத்தையும் நான் பாக்கல.

சின்னக் குழந்தைங்க இருக்கற வீட்டுக்கு வாரம் ஒருதரம் ஆள் வந்து பாக்கற திட்டம் இருக்குன்னு தெரிஞ்சதும் ஃபார்ம் போட்டேன், அது பத்து நிமிஷ வேலை. அதுக்கப்புறம்தான் எல்லாம்.

ஒரு வாரம் கழிச்சு அட்ரஸ் ப்ரூஃப் நேர்ல கொண்டு வாங்கன்னு மெசேஜ். ஆபீஸ் 45 கிலோமீட்டர். வீட்டுக்காரர் லீவு போட்டு, ரெண்டு பிள்ளையையும் தூக்கிக்கிட்டு போனோம். கவுண்டர்ல இருந்தவர் கரண்ட் பில்லைப் பாத்துட்டு "இது உங்க பேர்ல இல்லையே"ன்னார். பில் வீட்டு ஓனர் பேர்ல இருக்கு, எங்க வீட்டுக்கு கதவு நம்பரே கிடையாது, ரோடு பேர் மட்டும்தான்னு எவ்வளவோ சொன்னேன், "பேர் இருந்தாதான் எடுத்துக்க முடியும்"னு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டார். கிளினிக்ல இருந்து அட்ரஸோட ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்தாலே போதும்னு அந்த ஃபார்மோட பின்பக்கத்துலயே பொடி எழுத்துல இருக்கு. அதை அவரும் சொல்லல, எனக்கும் கண்ணுல படல. ஓனர்கிட்ட லெட்டர் கேட்டு அலைஞ்சே நாலு வாரம் ஓடிப்போச்சு. அதனால கிளம்பறதுக்கு முன்னாடி போன் போட்டு "இந்தப் பேப்பர் இல்லன்னா அதுக்கு பதிலா எது செல்லும்"னு இதே வார்த்தையில கேளுங்க, யார் பதில் சொன்னாங்கன்னு பேரும் தேதியும் குறிச்சு வச்சுக்கோங்க.

அதே கவுண்டர்ல "வாரா வாரம் காலைல 10 மணிக்கு இங்க ப்ளே குரூப் நடக்குதே, அதுக்கு வாங்களேன்"னும் சொன்னாங்க. வண்டி இல்லாதவ 45 கிலோமீட்டர் தள்ளி 10 மணிக்கு எப்படி வர்றது? டவுன்ல ஒரு ஹால் திறந்து வச்சா கிராமத்துக்கும் சேத்து செஞ்ச மாதிரி கணக்கு எழுதிக்கறாங்க. அது எங்களை வந்து சேரவே இல்ல.

திரும்பி வர்ற வழியில பாப்பா பசியில கத்த ஆரம்பிச்சிட்டா, வண்டியை ஓரங்கட்டி ஹீட்டருக்காக இஞ்சினை ஓட விட்டுத்தான் பால் குடுத்தேன். ஓரத்துல பனி குவிஞ்சு கிடந்துச்சு, வீட்டுக்காரர் இறங்கிப் போய் சைலன்ஸர் குழாயைச் சுத்தி கையாலயே தள்ளிவிட்டார். இதை யாரும் மறந்துடாதீங்க, குழாய் பனியில அடைச்சிருந்தா கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள்ள வந்துடும், அதுக்கு வாசனையே கிடையாது. இன்னொண்ணு, புசுபுசு ஜாக்கெட்டோட குழந்தையை கார் சீட்ல கட்டக்கூடாது. பெல்ட் இறுக்கமா இருக்கற மாதிரிதான் தெரியும், இடிச்சா அந்த பஞ்சு அமுங்கி உள்ள இடைவெளி விழுந்துடும். மெல்லிசான துணியோட கட்டிட்டு மேல போர்த்தி விடுங்க.

இனிமேல் எழுதறதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். முதல் தடுப்பூசிக்குப் போனப்பவே கிளினிக்ல ஒரு தாள் குடுத்தாங்க, எடின்பரோ கேள்வித்தாள்னு சொல்வாங்க, பிள்ளை பெத்த அம்மாவுக்கு மனச்சோர்வு இருக்கான்னு பாக்கறது, 1987-ல இருந்து இருக்கு. போன 7 நாள் மனசு எப்படி இருந்துச்சுன்னு 10 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0-ல இருந்து 3 வரைக்கும், மொத்தம் 30. வீட்டுக்காரர் பக்கத்துலயே உக்காந்திருந்தார், பெரியவன் மடியில ஏறிக்கிட்டு இருந்தான். நான் எல்லாத்துக்கும் "நல்லா இருக்கேன்"ங்கற மாதிரியே டிக் பண்ணிக் குடுத்துட்டேன். அவர் நல்ல மனுஷன்தான், ஆனா காரணமே இல்லாம தினமும் அழறேன்னு அவர் கண்ணு முன்னாடி என்னால குறிக்க முடியல.

அடுத்த தடுப்பூசிக்குப் போனப்ப "இதை நான் தனியா எழுதலாமா"ன்னு கேட்டேன். நர்ஸ் ஒரு வார்த்தை கேக்காம பக்கத்து ரூமைத் திறந்து விட்டாங்க. இந்தத் தடவ உண்மையை எழுதினேன், 16 வந்துச்சு. நிறைய இடத்துல 13-ஓ அதுக்கு மேலயோ வந்தா டாக்டர் கூப்பிட்டுப் பேசணும்னு வச்சிருக்காங்க, சில இடத்துல 10-லயே கூப்பிடுவாங்க. மார்க்கை வச்சே நோய்னு முடிவு பண்ணிட மாட்டாங்க, பேச்சை ஆரம்பிக்கத்தான் அது. ஆனா பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கற எண்ணம் வந்துச்சான்னு கேக்கும். அது வந்திருந்தா மொத்த மார்க் எவ்வளவுன்னு பாத்துட்டு இருக்காதீங்க, அடுத்த அப்பாயிண்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க, அன்னைக்கே சொல்லிடுங்க.

டாக்டரைப் பாத்துப் பேசிட்டு வந்ததும் அந்த நர்ஸே ஆபீசுக்கு போன் போட்டு, கிளினிக் லெட்டரும் கையோட அடிச்சுக் குடுத்தாங்க. நாலு வாரமா நகராத ஃபைல் ஒரே மத்தியானத்துல நகர்ந்துடுச்சு.

அக்கா முதல் நாள் வந்தப்ப நோட்டு, ஃபார்ம் எதையும் எடுக்கல. பூட்ஸைக் கழட்டிட்டு நேரா தரையில உக்காந்து பெரியவனோட டப்பா அடுக்க ஆரம்பிச்சிட்டாங்க. வர்றப்பெல்லாம் பை நிறைய பொம்மை கொண்டு வருவாங்க, போன வாரம் குடுத்ததைத் திருப்பி எடுத்துட்டுப் போவாங்க, எங்க ரோட்டுல நாலு வீட்டுக்கு அதே பைதான் சுத்துது. பாப்பாவுக்கு வைட்டமின் டி சொட்டு குடுக்கறியான்னு கேட்டாங்க, அதுவரைக்கும் யாரும் கேக்கல. தாய்ப்பால் மட்டும் குடிக்கற குழந்தைக்கு தினமும் 400 யூனிட்னு நிறைய இடத்துல சொல்றாங்க, வெயிலே இல்லாத மாசத்துல இதை டாக்டர்கிட்ட கட்டாயம் கேட்டுடுங்க. 1-ல இருந்து 4 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு 180 நிமிஷம் ஓடியாடணும்னு 2019-ல உலக சுகாதார நிறுவனம் சொன்னதைப் படிச்சுட்டு நான் மருகிட்டு இருந்தேன், அதை ஒரே மூச்சுல செய்யணும்னு இல்ல, நாள் முழுக்க பிரிச்சுக்கலாம்னாங்க. மெத்தையை ஹால்ல இழுத்துப் போட்டுட்டோம், குதிச்சே பாதி நேரத்தைத் தீத்துட்டான்.

ஆனா மூணு தடவ ரோடு மூடி அக்காவால வர முடியல. பெரியவன் ஜன்னல் கண்ணாடியில படிஞ்ச ஆவியில விரலால வட்டம் போடுவான், அக்கா வர்றதுக்கு இன்னும் எத்தனை நாளோ அத்தனை வட்டம். ராத்திரி அழிஞ்சிடும், காலைல எழுந்து ஒண்ணு குறைச்சு மறுபடி போடுவான். வட்டமே போடாத நாள்ல அவங்க வரலன்னா அவனை சமாளிக்கவே முடியாது. அதுக்கப்புறம் ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டோம், வர முடியலன்னா அதே நேரத்துக்கு போன், ஸ்பீக்கர்ல போட்டு அவனோடதான் முதல்ல பேசணும். விசிட் ஆரம்பிக்கற அன்னைக்கே நீங்களும் இதைப் பேசி வச்சுக்கோங்க.

எங்களையெல்லாம் கேட்டுட்டு அதே ரோட்டுல இருக்கற இன்னும் ரெண்டு அம்மாங்களை போன்ல சேத்து விட்டதும் அக்காதான். தினமும் 4 மணிக்கு, இருட்டற நேரத்துக்கு. சாப்பாடு, குளியல், ரெண்டு பிள்ளைங்க அழுகைன்னு அந்த ரெண்டு மணி நேரம்தான் மனசை ரொம்ப அழுத்தும்.

இந்த வருஷம் பாப்பா நடக்க ஆரம்பிச்சிட்டா. பனி விழறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே, புதுசா குழந்தை பிறந்த ரெண்டு வீட்டுக்கு நானே ஃபார்ம் எழுதி, கிளினிக் லெட்டரோட அனுப்பிட்டேன், ஒரே வாரத்துல ஓகே ஆயிடுச்சு. அவங்ககிட்ட "ஏதாவது ஹெல்ப் வேணுமா"ன்னு நான் கேக்கறதில்ல, கேட்டா "பரவால்ல, சமாளிச்சுக்கறேன்"னுதான் பதில் வரும், நானும் அதையேதான் சொல்லிட்டு இருந்தேன். "வியாழக்கிழமை டவுனுக்குப் போறேன், டயப்பர் என்ன சைஸ்?"னு நேத்து ஒருத்திக்கு மெசேஜ் போட்டேன். "சைஸ் 2 க்கா"ன்னு வந்துச்சு. ஒரு நிமிஷம் கழிச்சு இன்னொண்ணு, "இன்னைக்கும் 4 மணிக்கு கூப்பிடுவீங்கல்ல?"