வற் குறைந்தது, விலை?

2019 டிசம்பர் 1ஆம் திகதி இலங்கையில் வற் வரியை, அதாவது சாமான் விலையோடு சேர்த்து நாங்கள் கட்டும் பெறுமதி சேர் வரியை, 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தார்கள். கணக்குப்படி வரியோடு 1,150 ரூபாய்க்கு விற்ற சாமான் 1,080க்கு வந்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் நான் வாங்கும் கடையில் சவர்க்காரப் பெட்டியில் அச்சடித்த விலை அப்படியே இருந்தது, கேட்டதற்கு "அது பழைய ஸ்டொக், தங்கச்சி" என்றார் முதலாளி. சரி, பழைய வரியோடு வாங்கிய சரக்கு என்றால் நியாயம்தான், சின்னக் கடைக்காரர் அந்த நட்டத்தை எப்படித் தாங்குவார்? ஆனால் புதுச் சரக்கிலும் அதே விலை! 2022இல் 12, பிறகு 15, 2024 ஜனவரியில் 18 என்று வரி ஏறியபோது பழைய ஸ்டொக்குக்கும் உடனே புது விலை ஒட்டினார்கள். எனக்கு அதுதான் கோபம். வரி குறைந்தால் பெட்டியில் அச்சடிக்கும் விலையைக் கம்பனிக்காரர் குறைக்கவேண்டும், அதைப் பார்க்க ஆள் வேண்டும்.