எவ்வளவு குடித்தார் என்பதற்கு முன்னால்

சிறுநீரகம் பழுதானவர்களின் இரத்தத்திலிருந்து கழிவையும் கூடுதல் நீரையும் இயந்திரத்தால் எடுக்கும் டயாலிசிஸ் பிரிவில் எங்கள் வேலை எடை பார்க்கும் இயந்திரத்தில்தான் தொடங்குகிறது. போன முறை கிளம்பும்போது இருந்த எடையை விட இன்று ஏறியிருப்பது பெரும்பாலும் உடம்பில் தேங்கிய நீர்தான். 3, 4 கிலோ ஏறியிருந்தால் நோயாளி என் முகத்தைப் பார்க்கவே கூசுவார். கூட வந்தவர் "தண்ணியைக் குறைங்கன்னு சொன்னா கேட்கவே மாட்டேங்கிறார் சிஸ்டர்" என்று ஆரம்பித்துவிடுவார்.

இப்படித் திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரத்தத்தில் உப்பின் அடர்த்தி 1, 2 சதவீதம் கூடினாலே மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி அதைக் கண்டுகொண்டு தாகத்தைக் கிளப்பிவிடும். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்குக் கூடுதல் உப்பு சிறுநீரோடு போய்விடும். சிறுநீரே வராதவருக்கு அந்த வழி இல்லை. சுமார் 8 கிராம் உப்பு உடம்பில் தங்கினால், பழைய அடர்த்திக்கு வர ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர் வேண்டும். அதைக் குடிக்கும்வரை மூளை விடாது. மனிதர் எவ்வளவு நேரம்தான் போராடுவார்? அதனால் எடை ஏறி வருபவரிடம் எவ்வளவு குடித்தீர்கள் என்று நான் முதலில் கேட்பதில்லை. என்ன சாப்பிட்டீர்கள் என்றுதான் கேட்கிறேன். சர்க்கரை நோயும் இருந்தால் சர்க்கரை அளவையும் பார்ப்பேன். அது ஏறினாலும் தாகம் ஏறும்.

சரி, உப்பைக் குறைக்கச் சொல்லலாம். அங்கேதான் அடுத்த சிக்கல். சிறுநீரகம் பழுதான பலருக்கு உப்புச் சுவையை உணரும் திறன் மங்கிவிடுகிறது. எச்சிலில் சேரும் யூரியா என்ற கழிவு அமோனியாவாக மாறுவதால் வாயில் உலோகத்தைச் சப்பியது போன்ற ருசி வேறு. வீட்டில் எல்லோருக்கும் உப்பு சரியாக இருக்கும் சாப்பாடு அவருக்குச் சப்பென்று இருக்கும். "உப்பே இல்லை" என்று அவர் சொல்வது பிடிவாதம் இல்லை, அவர் நாக்குக்கு அது உண்மை. இதைக் குடும்பத்தாரிடம் விளக்கியபின் வீட்டுச் சண்டை பாதி குறைந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரேயடியாக நிறுத்தாமல் படிப்படியாகக் குறைத்தால், சில வாரங்களில் நாக்கு பழகத் தொடங்கும். ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன்: கடையில் விற்கும் 'சோடியம் குறைந்த' உப்புகள் பலவற்றில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாதவருக்கு அது இதயத்துடிப்பையே நிறுத்தக்கூடும்.

எங்கள் பக்கமும் இதில் பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் விட முடியாது. இயந்திரத்தில் ஓடும் டயாலிசிஸ் திரவத்தில் உள்ள சோடியம், அதாவது உப்பில் இருப்பது, நோயாளியின் இரத்தத்தில் இருப்பதை விட அதிகமானால், கொஞ்சம் உப்பு உள்ளே போகும். நீரை வேகமாக எடுக்கும்போது தசை பிடித்துக்கொண்டாலோ, இரத்த அழுத்தம் விழுந்தாலோ சலைன் என்ற உப்புநீரை ஏற்றுகிறோம். 200 மில்லியில் 1.8 கிராம் உப்பு. ஏற்றித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் அந்த உப்போடு வீட்டுக்குப் போகிறவர் இரவெல்லாம் தாகத்தில் தவிக்கிறார். அதிகம் குடிக்கிறார், எடை ஏறி வருகிறார், மறுபடி வேகமாக எடுக்கிறோம், மறுபடி தசை பிடிக்கிறது.

அதனால் சிகிச்சை முடியும்போதே நா வறண்டுவிட்டது என்பவர்களின் பெயரைத் தனியாகக் குறித்து வைக்கிறேன். திரவத்தின் சோடியம் அளவு, அன்று ஏற்றிய சலைன், வாயை உலர வைக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் மருத்துவரிடம் காட்டி மறுபடி பார்க்கச் சொல்கிறேன். தண்ணீர்க் கணக்கை நோயாளியிடம் அதன் பிறகு பேசிக்கொள்ளலாம்.