ஆகஸ்ட் கடைசி இடிமழை: ரொறன்ரோக்காரருக்கு

'பின்னேரம் இடிமழை, இரவு குளிர்முகப்பு கடக்கும்' என்று தெற்கு ஒன்ராறியோ வானிலை அறிக்கை சொன்னால் (குளிர்முகப்பு என்பது சூடான காற்றைத் தள்ளிக்கொண்டு வரும் குளிர்காற்றின் முன்னெல்லை), வெயில் எத்தனை பாகை என்பதை விடுங்கள். டியூ பொயின்ற்றை, அதாவது காற்றில் ஈரம் எவ்வளவு என்று காட்டும் பனிநிலைப் பாகையைப் பாருங்கள். 20ஐத் தாண்டினால் மேகத்துக்குத் தீனி தாராளம். 15க்குக் கீழே என்றால் பெரும்பாலும் நாலு தூறலோடு சரி.

அடுத்தது நேரம். வடமேற்கிலிருந்து வரும் முகப்பு பின்னேரம் 3 முதல் 7 மணிக்குள் வந்தால்தான் வில்லங்கம். விடியப்புறம் வந்தால் நிலம் ஆறியிருக்கும், வேகமும் அடங்கும். ஹூரன், ஈரி ஏரிக்காற்றுகள் உள்ளே வந்து மோதும் கோட்டில் முகப்புக்கு முன்பே மேகம் திரளும். ஒன்ராறியோ ஏரியின் குளிர்காற்றோ கரையை அடக்கிவைக்கும். ஸ்காபரோ கரையில் வெயில் எறிக்க, மார்க்கம் நகரில் கொட்டுவது அதனால்தான்.

கடும் இடிமழை என்றால் காற்று மணிக்கு 90 கி.மீ., அல்லது 2 செ.மீ. ஆலங்கட்டி, அல்லது ஒரு மணித்தியாலத்துக்குள் 50 மி.மீ. மழை.

பேஸ்மென்டில் சம்ப் பம்ப் (தரைக்குழியில் சேரும் தண்ணீரை வெளியே இறைக்கும் பம்ப்) இருந்தால் காலையிலேயே குழிக்குள் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். மிதவை எழும்பி மோட்டார் ஓடவேண்டும். மிதவை சுவரில் சிக்கி நிற்பதுதான் வழக்கமான கோளாறு. கரண்ட் போனால் பம்பும் போச்சு. பேட்டரி இல்லாத பம்பை நம்பி தரையில் பெட்டி அடுக்காதீர்கள்.

மழை விட்டதும் முகப்பு கடந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். தென்மேற்குக் காற்று வடமேற்குக்குத் திரும்பவேண்டும். புழுக்கம் அப்படியே இருந்தால் இன்னொரு சுற்று பாக்கி இருக்கலாம்.