ராக்கிக்கும் மணிக்கும் பச்சைக் கறி: வேலூர் நாட்குறிப்பு

5 மே 2024, ஞாயிறு

கத்திரி நேற்று ஆரம்பித்தது. இந்த வெயில் போகும்வரை, என் நாய்கள் ராக்கிக்கும் மணிக்கும் கறி வாங்குகிற வேலையைக் காலை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும். வெட்டிய கையோடு கறி ஐஸ் போட்ட டப்பாவுக்குள் போகிறது. வீட்டுக்கு வந்ததும் வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி ஃப்ரீசரில் அடுக்குகிறேன். முந்தின ராத்திரி ஒரு பொட்டலத்தை எடுத்து ஃப்ரிட்ஜின் அடித்தட்டில், கிண்ணத்துக்குள் வைத்து இளக விடுகிறேன். வெளியே வைத்து இளக்குகிற பேச்சே இல்லை.

ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். சால்மோனெல்லா அங்கே சாவதில்லை, பெருகாமல் இருக்கும், அவ்வளவுதான். கரண்ட் போய் கறி இளகிப்போனால் அதை மறுபடி உறைய வைக்காமல் வேகவைத்துப் போட்டுவிடுகிறேன்.

நாய்க்குத் தனிக் கத்தி, தனிப் பலகை, எவர்சில்வர் தட்டு. இருபது நிமிடத்தில் தின்று முடிக்காததை எடுத்துவிட்டு, தட்டைச் சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்க்கிறேன். கோழியைக் குழாயடியில் அலசுவதில்லை. தெறிக்கிற தண்ணீர் பக்கத்திலிருக்கும் பாத்திரமெல்லாம் ஏறும். ஒரு நோயும் இல்லாமல் துள்ளுகிற நாய்கூட மலத்தில் சால்மோனெல்லாவை வெளியேற்றிக்கொண்டிருக்கும். அதனால் அக்கா பிள்ளைகள் லீவுக்கு வந்தால் அத்தனை நாளும் வேகவைத்ததுதான். கைக்குழந்தையோ கர்ப்பிணியோ புற்றுநோய் சிகிச்சை எடுப்பவரோ இருக்கும் வீட்டில் பச்சைக் கறியே வேண்டாம் என்பேன். கால்நடை மருத்துவர்களில் பெரும்பாலோர் யாருக்குமே வேண்டாம் என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. போடத்தான் போகிறோம் என்றால் எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன்.

8 மே, புதன்

அளவு. வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் 2 முதல் 3 சதவீதம். ராக்கி ஜெர்மன் ஷெப்பர்ட், 36 கிலோ, 900 கிராம். மணி ராஜபாளையம், 28 கிலோ, 700 கிராம். இரண்டு வேளையாகப் பிரித்துத்தான் போடுகிறேன். நெஞ்சு ஆழமான பெரிய நாய் ஒரே மூச்சில் வயிறு முட்டத் தின்றுவிட்டு ஓடினால் வயிறு உப்பித் திருகிக்கொள்ளும். சில மணி நேரத்தில் உயிரே போய்விடும். தின்றபின் ஒரு மணி நேரம் சங்கிலியில்தான்.

வெறும் கறியாகப் போட்டால் பாஸ்பரஸ் ஏறி கால்சியம் குறையும். எலும்பு பத்தில் ஒரு பங்கு போதும். கூடினால் மலம் வெள்ளையாகச் சுண்ணாம்புபோல் இறுகி நாய் முக்கிக்கொண்டு நிற்கும். ஈரல் இருபதில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், வைட்டமின் ஏ மிஞ்சிப்போகும். கழுத்துக் கறி வாங்கினால் குரல்வளையை ஒட்டினதை வெட்டி எடுத்துவிடுவேன். தைராய்டு சுரப்பி அங்கேதான் இருக்கிறது. அதையே தொடர்ந்து தின்ற நாய்களுக்குத் தைராய்டு எகிறி உடம்பு இளைத்த கதை மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது.

பெரிய நாய் என்றாலே மாட்டுக்கால் நல்லியைத் தூக்கிப் போடுகிறார்கள். அது ஒரு மாட்டின் பாரத்தையே தாங்கின எலும்பு. அதைக் கடித்தால் மேல்தாடைக் கடைவாய்ப் பல் சில்லாகப் பெயரும். வளையமாக அறுத்த நல்லி என்றால் கீழ்த்தாடையில் மாட்டிக்கொண்டு, அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரும். கோழிக் கழுத்து சின்ன நாய்க்குச் சரி. ராக்கி அளவு நாய் மெல்லாமல் விழுங்கும், தொண்டையில் அடைக்கும். நான் கொடுப்பது கறியோடு சேர்ந்த ஆட்டு நெஞ்செலும்பும் விலாவும், அதன் தலையைவிட நீளமான துண்டாக. தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன்.

12 மே, ஞாயிறு

இன்றைக்குப் பார்த்ததை விரிவாக எழுத வேண்டும்.

கறிக்கடை பாய் ஒரு ஆட்டு நுரையீரலைத் தனியே எடுத்து வைத்திருந்தார். “நாய்க்குத்தானே சார், சும்மா எடுத்துக்கினு போங்க” என்றார். நல்ல மனசோடுதான் கொடுத்தார். திருப்பிப் பார்த்தேன். ரோஜா நிறத்து ஓரத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு புடைப்பு, வெளிறி, தொட்டால் உரித்த நுங்கு மாதிரி தளதளவென்று. கத்தி முனையால் கீறச் சொன்னேன். தெளிந்த தண்ணீர் பீச்சியடித்தது. உள்ளே வெள்ளைத் தோல் ஒன்று சதையைவிட்டுத் தனியாகக் கழன்று வந்தது. அடியில் தங்கிய நீரில் பொடிமணல்போல் வெள்ளைத் துகள்கள்.

“நீர்க்கட்டி சார். வயசான ஆட்டுல அடிக்கடி கீது. அதை வெட்டிக் கடாசிடுவோம்.”

எங்கே என்று கேட்டேன். கடைக்குப் பின்னால் கையைக் காட்டினார். அங்கே தெருநாய்கள் காத்துக்கொண்டிருந்தன.

அந்த மணல் துகள் ஒவ்வொன்றும் ஒரு நாடாப்புழுவின் தலை. எக்கினோகாக்கஸ் என்று பெயர். நாய் அதை விழுங்கினால் ஆறேழு வாரத்தில் குடலில் முழுப் புழுவாகிவிடும். நீளம் சில மில்லிமீட்டர்தான், கண்ணுக்கே படாது. நாய்க்கு ஒரு தொந்தரவும் தெரியாது. முட்டை மட்டும் மலத்தோடு வெளியே வந்து மண்ணில், புல்லில், நாயின் ரோமத்தில் ஒட்டும். ஆடு மேய்ந்தால் ஆட்டுக்குள் போகும். நாயைத் தடவின கையை வாயில் வைக்கிற பிள்ளைக்குள்ளும் போகும். மனிதனுக்கு ஈரலில்தான் அதிகம், அடுத்தது நுரையீரல். வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் கட்டி வளரும். உள்ளே உடைந்தால் ஒவ்வாமை அதிர்ச்சியில் உயிருக்கே ஆபத்து. பல பேருக்கு அறுவை சிகிச்சைவரை போகிறது.

நீர்க்கட்டி இருந்த ஆட்டின் கறியைத் தின்பதால் மனிதனுக்கு இது வருவதில்லை. நாய் வழியாகத்தான் வருகிறது. அதனால்தான் கறிக்கடைக்குப் பின்னால் எறியப்படும் ஒரு துண்டு எனக்கு இவ்வளவு பெரிய விஷயமாகப் படுகிறது.

ஆடோ மாடோ, நுரையீரலையும் ஈரலையும் பச்சையாகப் போடுவதே கிடையாது. சின்னத் துண்டாக நறுக்கி அரை மணி நேரத்துக்குக் குறையாமல் கொதித்த பிறகுதான் தட்டுக்கு வரும். கட்டி தெரிந்தால் அதுவும் இல்லை, ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டியதுதான்.

14 மே, செவ்வாய்

கால்நடை மருத்துவரிடம் போய் இரண்டுக்கும் மாத்திரை வாங்கினேன். பூச்சி மாத்திரை என்று கடையில் கேட்டால் எதையாவது கொடுப்பார்கள்; அட்டையில் பிராசிகுவாண்டல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தப் புழுவுக்கு அதுதான் மருந்து, கிலோவுக்கு 5 மில்லிகிராம். உறுப்பிறைச்சி கண்ட இடத்தில் கிடைக்கிற ஊரில் ஆறு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கச் சொன்னார். புழு முட்டையிடத் தொடங்குமுன் கொன்றுவிடலாம் என்பது கணக்கு. மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால் மாத்திரை கொடுத்தபின் இரண்டு மூன்று நாள் மலத்தைக் கையுறை போட்டு அள்ளிப் புதைக்கிறேன்.

26 மே, ஞாயிறு

பக்கத்து வீட்டில் பிரியாணி. மிஞ்சின எலும்பை அன்போடு மணிக்கு நீட்டினார்கள். தடுத்துவிட்டேன். வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும். பச்சை எலும்பைவிட இதுதான் ஆபத்து என்று சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொன்று, தோல் துண்டு. ராணிப்பேட்டை, ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் தோல் ஷாப்பில் வேலை பார்ப்பவர்கள் வீட்டு நாய் கடிக்கட்டும் என்று வெட்டுத் துண்டு கொண்டுவருவது உண்டு. சுண்ணாம்பிலும் சல்ஃபைடிலும் ஊறி, குரோமியம் ஏறின தோல் அது. நாய் வாய்க்குப் போகவே கூடாது.

9 ஜூன், ஞாயிறு

குடியாத்தத்திலிருந்து மச்சான் போன். கிரேட் டேன் குட்டி வாங்கியிருக்கிறான், மூன்று மாதம். எலும்பும் போட்டு கால்சியம் சிரப்பும் ஊற்றுகிறானாம். “கால் நல்லா உறுதியாகட்டும் மச்சான்” என்கிறான். பெரிய ஜாதிக் குட்டியின் குடலுக்கு மிஞ்சின கால்சியத்தைத் தள்ளிவிடத் தெரியாது. அது எலும்பில் ஏறி, கால் வளைந்து, மூட்டு கெடும். சிரப்பை இன்றே நிறுத்து, ஒரு வயது தாண்டும்வரை பெரிய ஜாதிக் குட்டிகளுக்கான தீவனமே போடு, பச்சைக் கறி பிறகு பார்க்கலாம் என்றேன். அரை மனதாகச் சரி என்றான். அடுத்த வாரம் நேரிலேயே போய்ப் பேசப்போகிறேன்.

18 ஜூன், செவ்வாய்

நேற்று பக்ரீத். போன வாரமே பாயும் நானும் சேர்ந்து கடைக்குப் பின்னால் குழி வெட்டி மூன்று சிமெண்ட் உறை இறக்கி, மேலே கான்கிரீட் மூடி போட்டிருந்தோம். பாதிச் செலவு அவருடையது. நேற்று ஒவ்வொரு நுரையீரலையும் ஈரலையும் அவரே கையால் அமுக்கிப் பார்த்தார். கட்டி தென்பட்டதெல்லாம் உறைக்குள் போனது, மேலே சுண்ணாம்பு. தெருவில் குர்பானி கொடுத்தவர்களிடமும் அவரே சொல்லி அனுப்பினார். பலர் கழிவைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அதே தெருவில் இன்னும் இரண்டு கடைகளில் எறிந்துகொண்டுதான் இருக்கிறார்கள். வருகிற ஞாயிறு பாயையும் கூட்டிக்கொண்டு அவர்களிடம் பேசப் போகிறேன். ராக்கிக்கும் மணிக்கும் அடுத்த மாத்திரை 25-ஆம் தேதி. கடைக்குப் பின்னால் படுத்திருக்கும் நாய்களுக்கும் சேர்த்து, எடை பார்த்து எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டும்.