விமானச் சரக்குச் சொற்களைத் தேர்வுக்குப் படித்த வழி

விமானச் சரக்குப் போக்குவரத்து அறிமுகப் பாடத்தில் சேருபவர்களில் பெரும்பாலோர் முதலில் புரட்டுவது பாடநூலின் இறுதியில் உள்ள சொற்பட்டியலைத்தான். நானும் அங்கிருந்தே தொடங்கினேன். ஆனால் சில பக்கங்களிலேயே அகர வரிசை இந்தப் பாடத்திற்கு உதவாது என்பது தெளிவாகிவிட்டது. மொத்த எடை, கன எடை, கட்டண எடை ஆகிய மூன்றும் ஆங்கில அகர வரிசையில் வெவ்வேறு மூலைகளில் கிடக்கின்றன. தேர்விலோ அவை ஒரே கேள்வியில் அடுத்தடுத்து வந்து நிற்கின்றன. எனவே பட்டியலை மூடிவிட்டு, கற்பனையான ஒரு சரக்கை எடுத்துக்கொண்டு, அது அனுப்புநரிடமிருந்து பெறுநர் வரை செல்லும் வழியில் எந்தச் சொல் எந்த இடத்தில், யார் கையில், எந்த ஆவணத்தில் வருகிறது என்று பார்க்கத் தொடங்கினேன். அந்த முறையையே இங்கு விளக்குகிறேன்.

நான் எடுத்துக்கொண்டவை இரண்டு அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றும் 80 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம், எடை 28 கிலோ. பாடம் முழுவதும் இந்த எண்களை மாற்றாமல் வைத்துக்கொண்டதால், ஒவ்வொரு புதிய சொல்லையும் ஏற்கெனவே தெரிந்த சரக்கின் மீது பொருத்திப் பார்க்க முடிந்தது.

முதலில் வருவது அனுப்புநர், சரக்கை அனுப்பும் ஏற்பாடுகளைச் செய்து தரும் முகவரான ஃபார்வர்டருக்குக் கொடுக்கும் அறிவுறுத்தல் கடிதம். ஷிப்பர்ஸ் லெட்டர் ஆஃப் இன்ஸ்ட்ரக்‌ஷன் எனப்படும் இந்தத் தாளை மாணவர்கள் அலட்சியமாகக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் பின்னால் ஏர்வே பில் எனப்படும் விமானச் சரக்கு ஆவணத்தில் நிரப்ப வேண்டிய பெயர்கள், சரக்கு விவரம், மதிப்பு, கட்டணத்தை யார் செலுத்துவது என்ற தகவல் அனைத்தும் இதிலிருந்தே வருகின்றன. ஒரு அறிவுறுத்தல் கடிதத்தைக் கொடுத்து வெற்று ஏர்வே பில்லை நிரப்பச் சொல்வது வழக்கமான தேர்வு வினா. அதை எழுதிப் பழகாமல் தேர்வுக்குச் செல்வது சரியன்று.

இந்த இடத்திலேயே இன்கோடெர்ம்ஸ் எனப்படும் பன்னாட்டு வணிக விதிகளையும் படித்துவிடுவது நல்லது, ஏனெனில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே செலவும் இடர்ப்பாடும் எப்படிப் பிரிகின்றன என்பதை அவையே தீர்மானிக்கின்றன. 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் மொத்தம் 11 விதிகள். அவற்றுள் ஏழு எந்தப் போக்குவரத்துக்கும் பொருந்தும், எஃப்.ஏ.எஸ். (கப்பலருகே ஒப்படைத்தல்), எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றி ஒப்படைத்தல்), சி.எஃப்.ஆர். (விலையும் கப்பல் கட்டணமும்), சி.ஐ.எஃப். (விலை, காப்பீடு, கப்பல் கட்டணம்) ஆகிய நான்கு கடல், உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்துக்கு மட்டுமே உரியவை. வணிக வழக்கில் விமானச் சரக்குக்கும் எஃப்.ஓ.பி. என்று எழுதுவதைக் காணலாம். தேர்வில் அதற்குப் பதிலாக எஃப்.சி.ஏ. (போக்குவரத்து நிறுவனத்திடம் ஒப்படைத்தல்) என்று எழுதுவதே சரியான விடை. இதைவிட நுட்பமானது சி.பி.டி. (சேருமிடம் வரை கட்டணம் செலுத்தப்பட்டது), சி.ஐ.பி. (கட்டணமும் காப்பீடும் செலுத்தப்பட்டது) ஆகிய இரண்டும். இவற்றில் சேருமிடம் வரையிலான சரக்குக் கட்டணத்தை விற்பவர் செலுத்துகிறார். ஆனால் சரக்கைப் போக்குவரத்து நிறுவனத்திடம் ஒப்படைத்த கணத்திலேயே இடர்ப்பாடு வாங்குபவருக்கு மாறிவிடுகிறது. செலவு மாறும் இடமும் இடர்ப்பாடு மாறும் இடமும் ஒன்றல்ல என்பதை ஒரு கோடு வரைந்து இரண்டு புள்ளிகளாகக் குறித்துக்கொண்டால் குழப்பம் வராது. பழைய பதிப்புப் பாடநூல்களில் டி.ஏ.டி. (முனையத்தில் ஒப்படைத்தல்) என்ற விதியைக் கண்டால், 2020இல் அதன் இடத்தில் டி.பி.யூ. (சேருமிடத்தில் இறக்கி ஒப்படைத்தல்) வந்துவிட்டது என்பதைப் பக்க ஓரத்தில் திருத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்தது எடை. மதிப்பெண்கள் அதிகமாகக் கிடைப்பதும் அதிகமாக இழக்கப்படுவதும் இங்கேதான் என்பது என் கணிப்பு. நம் இரண்டு பெட்டிகளின் மொத்த எடை 56 கிலோ. ஒரு பெட்டியின் கன அளவு 2,40,000 கன செ.மீ.; விமானச் சரக்கில் பொதுவாக 6,000 கன செ.மீ. ஒரு கிலோவாகக் கொள்ளப்படுவதால் ஒரு பெட்டியின் கன எடை 40 கிலோ, இரண்டுக்கும் 80 கிலோ. மொத்த எடை, கன எடை ஆகிய இரண்டில் எது கூடுதலோ அதுவே கட்டண எடை என்பதால் இங்கே அது 80 கிலோ ஆகிறது. கூரியர் நிறுவனங்கள் பெரும்பாலும் 6,000க்குப் பதிலாக 5,000 என்ற வகுஎண்ணைப் பயன்படுத்துகின்றன. அப்படியானால் இதே பெட்டிகள் 96 கிலோவாகிவிடும். வினாவில் எந்த வகுஎண் கொடுக்கப்பட்டுள்ளது என்பதைக் கணக்கைத் தொடங்குவதற்கு முன்பே அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அளவுகள் அங்குலத்தில் தரப்பட்டிருந்தால், 366 கன அங்குலத்துக்கு ஒரு கிலோ. கட்டண எடை பின்னமாக வந்தால் அடுத்த அரைக் கிலோவுக்கு உயர்த்த வேண்டும். கீழே இறக்குவது கிடையாது.

கணக்கு இத்துடன் முடிந்துவிடுவதாக நினைப்பவர்களைத்தான் கட்டண அட்டவணை பதம் பார்க்கிறது. டாக்ட் எனப்படும் சரக்குக் கட்டண நூலில் எம் என்பது குறைந்தபட்சக் கட்டணம், என் என்பது 45 கிலோவுக்குக் குறைவான சரக்குக்கான இயல்புக் கட்டணம், க்யூ என்பது 45 கிலோவுக்கும் அதற்கு மேல் 100, 300, 500 போன்ற எடைப் படிகளுக்கும் உரிய கட்டணம். எடை கூடக் கூட ஒரு கிலோவுக்கான கட்டணம் குறையும். 45 கிலோ படியில் கிலோவுக்கு 5 அலகு, 100 கிலோ படியில் 3.80 அலகு என்று வைத்துக்கொள்வோம். நம் 80 கிலோவுக்கு முதல் படியில் 400 அலகு ஆகிறது. அதையே 100 கிலோ என்று கணக்கிட்டு அடுத்த படியின் கட்டணத்தைப் பயன்படுத்தினால் 380 அலகுதான். சரக்கு 100 கிலோ இல்லாவிட்டாலும் அப்படிக் கணக்கிட விதி அனுமதிக்கிறது. ஏர்வே பில்லில் கட்டண எடைக் கட்டத்தில் 100 என்றே எழுதப்படும். 380ஐ 5ஆல் வகுத்தால் 76 வருகிறது. அதாவது இந்த அட்டவணைப்படி 76 கிலோவைத் தாண்டிய எந்தச் சரக்குக்கும் மேல் படியே மலிவு. இந்த எல்லை எடையை முதலிலேயே கண்டுபிடித்துவிட்டால், அடுத்து வரும் கேள்விகளுக்கு இரண்டு முறை பெருக்கிப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. ஆக, ஒரே சரக்குக்கு 56, 80, 100 என்று மூன்று எடைகள் வந்துவிட்டன. மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; இழப்பீட்டுக் கேள்வியில் அவற்றுள் ஒன்று மட்டுமே செல்லும்.

இனி ஏர்வே பில். இது அனுப்புநருக்கும் விமான நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்திற்கும், சரக்கு பெறப்பட்டதற்கும் சான்று. கப்பல் போக்குவரத்தின் பில் ஆஃப் லேடிங் போல உரிமையைக் கைமாற்றித் தரும் ஆவணம் அன்று. அதனால்தான் அதன் மேல்பகுதியில் கைமாற்ற இயலாதது என்று அச்சிடப்பட்டிருக்கும். அதன் எண் 11 இலக்கங்களைக் கொண்டது. முதல் மூன்று விமான நிறுவனத்தைக் குறிக்கும்: எமிரேட்ஸ் 176, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 618, லுஃப்தான்சா 020. அடுத்த ஏழு இலக்கங்கள் வரிசை எண். கடைசி இலக்கம், அந்த ஏழு இலக்க எண்ணை 7ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதி. 1234567ஐ 7ஆல் வகுத்தால் மீதி 5, ஆகவே எண் 12345675 என்று முடியும். கடைசி இலக்கம் 7, 8 அல்லது 9 என்று இருந்தால் அந்த எண் தவறானது என்று கணக்கே போடாமல் சொல்லிவிடலாம். சரியா தவறா வகை வினாக்களில் இது கைகொடுக்கும்.

தாள் வடிவத்தில் மூன்று மூலப் படிகள் உண்டு: பச்சை நிறத்தது விமான நிறுவனத்துக்கு, இளஞ்சிவப்பு பெறுநருக்கு, நீலம் அனுப்புநருக்கு. 2019 ஜனவரி 1 முதல், அதற்கு வசதியுள்ள வழித்தடங்களில் மின்னணு ஏர்வே பில்லே இயல்பான ஒப்பந்த வடிவம் என்று பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா அறிவித்துவிட்டது. ஆனாலும் நிறங்களைப் பற்றிய வினா பாடத்திட்டத்திலிருந்து எளிதில் விலகுவதாகத் தெரியவில்லை.

மாஸ்டர், ஹவுஸ் என்ற இரண்டு ஏர்வே பில்களின் வேறுபாட்டைப் பெயரை வைத்துப் படிக்காமல், அவற்றில் யாருடைய பெயர் எழுதப்படுகிறது என்பதை வைத்துப் படிப்பதே பயன் தரும். ஃபார்வர்டர் பலருடைய சரக்கை ஒன்றாகச் சேர்த்து அனுப்பும்போது, விமான நிறுவனத்துக்கு அவரே அனுப்புநர். சேருமிடத்தில் சரக்கைப் பிரித்துக் கொடுக்கும் அவருடைய முகவரே பெறுநர். மாஸ்டர் ஏர்வே பில்லில் இவ்விருவரின் பெயர்களே இருக்கும். உண்மையான அனுப்புநரும் பெறுநரும் ஃபார்வர்டர் தரும் ஹவுஸ் ஏர்வே பில்லில்தான் தோன்றுவார்கள். சேர்த்து அனுப்பாமல் நேரடியாக அனுப்பினால் ஹவுஸ் பில் தேவையில்லை. ஒரே ஏர்வே பில்லில் உண்மையான பெயர்களே வரும். வினாவில் பெறுநர் கட்டத்தில் ஒரு முகவரின் பெயர் இருந்தால், அது சேர்ப்புச் சரக்காக இருக்கலாம் என்ற எண்ணம் உடனே எழ வேண்டும்.

ஏர்வே பில்லின் மதிப்புக் கட்டங்கள் சிறியவை, ஆனால் ஆபத்தானவை. போக்குவரத்துக்காக அறிவிக்கப்படும் மதிப்பு என்ற கட்டத்தில், மதிப்பு எதுவும் அறிவிக்கப்படவில்லை எனப் பொருள்படும் என்.வி.டி. வரலாம். சுங்கத்துக்கான மதிப்புக் கட்டத்தில் வணிக மதிப்பில்லை எனப் பொருள்படும் என்.சி.வி. வரலாம். இரண்டையும் இடம் மாற்றி எழுதினால் இரண்டுமே தவறு. மற்றக் கட்டணங்களின் குறியீட்டில் மூன்றாவது எழுத்தைப் பாருங்கள்: ஏ.டபிள்யூ.ஏ. என்று முடிந்தால் ஆவணக் கட்டணம் முகவருக்கு, ஏ.டபிள்யூ.சி. என்று முடிந்தால் விமான நிறுவனத்துக்கு.

சிறப்புக் கையாளுதல் குறியீடுகளை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. பி.இ.ஆர். அழுகும் பொருள், ஏ.வி.ஐ. உயிருள்ள விலங்கு, எச்.யூ.எம். மனித உடல், சி.ஏ.ஓ. சரக்கு விமானத்தில் மட்டுமே ஏற்றத்தக்கது. கடைசியானதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயான் மின்கலங்கள், யு.என். 3480 என்ற எண்ணுடைய இவற்றைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரல் 1 முதல் தடை உள்ளது. ஆபத்தான பொருள்களின் ஒன்பது வகுப்புகளை வரிசையாகச் சொல்லப் பழகுங்கள். அவற்றுக்கான உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திடும் பொறுப்பு அனுப்புநருடையது என்பதையும் மறக்கலாகாது. விமானத்தில் சரக்கை அடுக்கி ஏற்ற உதவும் ஏற்று கலன்களில் ஏ.கே.இ. என்ற கொள்கலனும் பி.எம்.சி. என்ற தட்டும் தெரிந்தால் அறிமுக நிலைக்குப் போதும்.

சரக்கு நகரும்போது வரும் நிலைக் குறியீடுகளில் எஃப்.ஓ.எச்., ஆர்.சி.எஸ். ஆகிய இரண்டும்தான் தடுமாற வைப்பவை. முன்னது சரக்கு கைக்கு வந்துவிட்டது, ஆனால் ஏற்றுவதற்கு இன்னும் முழுமையாகத் தயாராகவில்லை என்பதைக் காட்டும். பின்னது சரக்கும் ஆவணங்களும் சரிபார்க்கப்பட்டு, ஏற்றத் தயாரான நிலையில் விமான நிறுவனம் ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதைக் காட்டும். அதன்பின் புறப்பாட்டுக்கு டி.இ.பி., விமானத்திலிருந்து பெறப்பட்டதற்கு ஆர்.சி.எஃப்., பெறுநருக்கு அறிவிக்கப்பட்டதற்கு என்.எஃப்.டி., ஒப்படைக்கப்பட்டதற்கு டி.எல்.வி. என்று வரிசை இயல்பாகச் செல்லும்.

இறுதியாக இழப்பீடு. 1999ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கை சரக்குக்கான விமான நிறுவனத்தின் பொறுப்பு வரம்பைக் கிலோவுக்கு 17 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு) என்று நிர்ணயித்தது, பின்னர் அது 2009இல் 19, 2019இல் 22 என உயர்ந்து, 2024 டிசம்பர் 28 முதல் 26 ஆகியுள்ளது. உங்கள் நூலில் 19 அல்லது 22 என்று இருந்தால், தேர்வு எந்தப் பதிப்பை ஒட்டியது என்று பாடம் நடத்துபவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். நம் பெட்டிகளில் ஒன்று தொலைந்து, மற்றதன் மதிப்பு அதனால் பாதிக்கப்படவில்லை என்றால், வரம்பு 28 கிலோவுக்கு மட்டுமே: 728 எஸ்.டி.ஆர். இரண்டுமே தொலைந்தால் 56 கிலோவுக்கு 1,456. கட்டணம் செலுத்திய 100 கிலோவோ, கன எடையான 80 கிலோவோ இக்கணக்கில் நுழைவதில்லை. அனுப்புநர் முன்கூட்டியே மதிப்பை அறிவித்து, தேவைப்படும் கூடுதல் கட்டணத்தைச் செலுத்தியிருந்தால் மட்டும் இந்த வரம்பு விலகி, அறிவித்த மதிப்பே உச்ச வரம்பாகும், என்.வி.டி. என்று எழுதுவதன் விளைவு இங்கேதான் புலப்படும். சேதம் குறித்த புகாரைச் சரக்கைப் பெற்ற நாளிலிருந்து 14 நாள்களுக்குள்ளும், தாமதம் குறித்த புகாரைச் சரக்கு பெறுநர் வசம் வைக்கப்பட்ட நாளிலிருந்து 21 நாள்களுக்குள்ளும் எழுத்து மூலம் அளிக்க வேண்டும். வழக்குத் தொடர இரண்டு ஆண்டுகள் மட்டுமே அவகாசம் உண்டு.